ஒயின் பக்கத்துக்கு ஒரு மூக்கு

ஏப்ரல் 3
நீதிமன்றச் செய்திப் பிரிவை மூடிவிட்டார்கள். என்னைவிட மிகவும் இளையவரான ஆசிரியர், "சார், ஞாயிறு இணைப்புல ஒயின் பக்கம் காலியா இருக்கு. அதை எடுத்துக்கிறீங்களா, இல்ல ஓய்வு எடுத்துக்கிறீங்களா?" என்றார். பக்கத்தை எடுத்துக்கொண்டேன். போன வருடக் காய்ச்சலில் வாசனை தெரியாமல் போனதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 9
சுவைப் பயிற்சி வகுப்பு. கோப்பையை வெள்ளைத் துணியின் முன் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் வைத்து, துப்ப வேண்டும். துப்புவதற்கென்று ஆளுக்கொரு வாளி. நான் அது ஐஸ் வாளி என்று நினைத்து எல்லாவற்றையும் விழுங்கினேன்.
பக்கத்து இருக்கைக்காரர், "செர்ரி வாசம் வருதுல்ல?" என்றார்.
"வந்துட்டே இருக்கு" என்றேன்.

ஏப்ரல் 10
தலைவலி.

ஏப்ரல் 14
மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "வாசனையே தெரியாதவருக்கு மோப்பம் பிடிக்கிற வேலையா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "தெரிஞ்சா என்னங்க பண்ணுவாங்க?"
"வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."
"ஐயோ, நாள் முழுக்க வீட்லயா?"
சிரிப்பு நின்றுவிட்டது.

ஏப்ரல் 16
திராட்சைத் தோட்டப் பயணத் திட்டம். முன்பதிவு அவசியம். ஒரு நாளைக்கு மூன்று தோட்டம் போதும்; அதற்கு மேல் நாக்கு மரத்துவிடுமாம். வெறும் வயிறு ஆகாது. சென்ட் ஆகாது. வண்டி ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. மனைவி ஒரு சொட்டும் தொட்டதில்லை. அவளே ஓட்டட்டும்.

ஏப்ரல் 25
முதல் தோட்டம். அவள் கோப்பையை முகர்ந்ததோடு சரி. "நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருக்குங்க" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. தோட்டக்காரர் முகர்ந்து பார்த்தார். "தக்கை கெட்டிருக்கும்மா" என்று புட்டியையே மாற்றினார்.
பிறகு அவள் நிறுத்தவில்லை. மிளகு. பென்சில் சீவல். "உங்க பழைய தோல் பை."

ஏப்ரல் 27
நான் அறியாததை அறிந்ததாக எப்படி எழுதுவது? முப்பது வருடப் பழக்கம் கைகொடுத்தது: 'உடன் வந்தவர் கூறியதாவது...' பத்திக்குப் பத்தி அப்படியே. சாட்சி வாக்குமூலம் போல இருக்கிறது. இருக்கட்டும்.

மே 5
ஆசிரியர் அழைத்தார். "சார், யாரு சார் அந்த 'உடன் வந்தவர்'? வாசகர்கள் அவங்களைத்தான் கேக்குறாங்க."
சொல்லிவிட்டேன். மூக்கையும் சேர்த்து. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.
"அவங்க போன் நம்பர் இருக்கா?" என்றார்.

மே 19
பக்கத்தில் அவள் பெயர், படத்தோடு. கடைசி வரியில், பொடி எழுத்தில்: 'எழுத்து வடிவம்' என்று என் பெயர். இன்று காலை அடுத்த வாரக் கட்டுரையின் பிரதியைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "'இனிமை'னு நான் சொல்லவே இல்லையே. அடிச்சுடுங்க."
அடித்துவிட்டேன்.