சாமி கணக்கில் போன சங்கிலி

ஜூன் 9

கே.ஜி.கண்டிகையில் இன்றும் வெயில்தான் மிச்சம். "போன ஒரு வருஷத்துல உங்ககிட்ட எதுனா திருடு போச்சா?" என்று குற்றக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகக் கேட்கிறேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா." இப்படியே போனால் இங்கே குற்றமே இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படியில் எத்தனை போலீஸ் என்பதையே இந்தக் கணக்கெடுப்பை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம்!

ஜூன் 10

கோவிந்தம்மாள் வீடு. கழனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், மோர் கொடுத்தார். திருட்டா? இல்லை. கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு, பக்கத்தில் நீளமாக ஒரு தழும்பு. கிளம்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை, தழும்பு எப்படி வந்தது என்று கேட்டுவிட்டேன்.

"போன கிருத்திகைக்குப் படியேறிகினு இருந்தேன், எவனோ பின்னாலருந்து சங்கிலிய இஸ்துட்டான். சாமிக்குப் போச்சு. அவரு கேட்டாரு, எடுத்துக்கினாரு."

"அது திருட்டு இல்லீங்களா?"

"மலைமேல போனத அப்டி சொல்லக் கூடாதும்மா. வேண்டுதல் கெட்டுடும்."

அடக் கடவுளே. இதே மாதிரி எத்தனை வீட்டில் "இல்லை" என்று குறித்துக்கொண்டு வந்தேனோ!

ஜூன் 11

மேற்பார்வையாளர் சந்திரமோகன் சாரிடம் சொன்னேன். "அச்சடிச்ச கேள்விய மாத்தாத கல்பனா. ஆளுக்கு ஒரு மாதிரி கேட்டா ஒரு ஊர இன்னொரு ஊரோட எப்படி ஒப்பிடறது?" அவர் சொல்வதும் நியாயம்தான், அதுதான் எரிச்சல். ஆனால் தப்பான பதிலை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வாங்கி என்ன பண்ண?

விட மாட்டேன்.

ஜூன் 13

விடவில்லை. சார் நாளைக்கு என்னோடு கோவிந்தம்மாள் வீட்டுக்கு வருகிறாராம்.

ஜூன் 14

சார் தன் கேள்வியைக் கேட்டார். கோவிந்தம்மாள், "இல்லீங்க." பிறகு நான்: "மலைக்குப் போன எடத்துல எதுனா போச்சுங்களா?" சங்கிலிக் கதை வந்தது. பக்கத்து வீட்டு மணியம்மை வாசலிலிருந்தே, "எனக்குக் கம்மலு" என்றார். சார் தன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

டீக்கடையில் அவரே சொன்னார். "பழைய கேள்வி அப்படியே இருக்கட்டும். கீழ உன் கேள்வியும் சேர்த்துக்கலாம். எல்லா வீட்டுக்கும் திரும்பப் போவணும், முடியுமா?"

முடியுமாவா!

ஜூன் 20

கால் வீங்கிப்போச்சு. "சாமிக்குப் போச்சு" என்று சொல்லாத தெருவே இல்லை. போலீசில் சொன்னீர்களா என்றால், "சாமி மேல எப்டிம்மா கேசு குடுக்கறது?" சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

ஜூன் 23

திருத்தணி பஸ் நிலையத்தில் கோவிந்தம்மாள். கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"யம்மா, நீ கேட்டதுலருந்து அதே யோசன. சாமி எடுத்தா கழுத்துல நகம் கீறுமா?"

பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். பதிலைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை இல்லை.

அவரே சொன்னார்: "திருட்டுன்னே எழுதிக்கோ. இந்தக் கிருத்திகைக்கும் ஏறுவேன். படியாண்ட போலீசு நிக்கணும்னு அதையும் எழுது."

நின்றபடியே எழுதிக்கொண்டேன்.