பிடிக்குள் இருக்கும் பெயர்

ரெக்ஸ்டேல்,
20-11-1988

அன்புள்ள எமில்டா அக்காவுக்கு,

ஒரேயொரு நாள் பழகியவள் கேளாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். உங்கள் அவர், அகஸ்ரின் அண்ணை, கொண்டுவந்த நீளப் பெட்டியில், அது யப்பானிலிருந்து வந்தபோது ஒட்டிய உங்கள் மொன்றியல் விலாசம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பிழையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் கதைக்கத் தெரியாதவள் என்பது அன்று எங்கள் குசினியிலேயே உங்களுக்கு விளங்கியிருக்கும்.

கட்டிடத்தின் கீழே, உடுப்புத் தோய்க்கும் அறையில் இருந்து எழுதுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. இவர் மேலே வீட்டில் நிற்கிறார். உங்கள் கடைசி மகன் எங்கள் கட்டிலில் நித்திரையானபோது ஒரு காலுறையைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறான். தோய்த்து இதற்குள் வைத்திருக்கிறேன். இவ்வளவு நாளில் அவனுக்கு அது சின்னதாகியிருக்கும்.

இங்கே பனி தொடங்கிவிட்டது. மட்டக்களப்பிலிருந்து கடிதம் வருவது குறைந்துவிட்டது. அப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்கிறார் என்று அன்று சொன்னேன். இப்போது வேலை நடக்கிறதோ இல்லையோ தெரியாது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பேராதனையில் ஆங்கிலம் படித்துப் பட்டம் எடுத்தபோது அப்பா அதை ஆலை முழுவதும் சொல்லித் திரிந்தாராம். அந்த ஆங்கிலம் இங்கே இவர் வாங்கிச் சேர்க்கும் வாள்களுக்குத்தான் பயன்பட்டது. பகலில் பிஸ்கற் பெட்டி அடுக்குகிறேன். பின்னேரங்களில் இவர் சொல்லச் சொல்ல, யப்பானிலுள்ள வாள் கொல்லர்களுக்குக் கடிதம் எழுதினேன்.

இந்த ஆண்களின் பைத்தியத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அண்ணை கப்பலில் போய் அந்தத் துறைமுகங்களில் பழக்கப்பட்டவர். இவருக்குத் தொழிற்சாலையில் இரும்பு தீட்டுகிற வேலை. கூட வேலை செய்யும் யப்பானியர் ஒருநாள் தன் வீட்டில் ஒரு வாளை உருவிக் காட்டியிருக்கிறார். அன்று பிடித்தது. பழைய வாள் இவருக்கு வேண்டாம். இன்று உயிரோடு இருப்பவன் தன் கையால் அடித்ததாக இருக்க வேண்டும். உயிரோடு இருப்பவனிடம் கேள்வி கேட்கலாம், பதில் வரும், செத்தவனோடு என்ன கதை என்பார்.

எண்ணெய் பூசுவது என் வேலை. கராம்பு எண்ணெயைத் தாளில் தொட்டு மெல்லப் பூச வேண்டும். விரல் பட்டால் கறை ஏறும். வாளுக்கு நேரே வாய் திறந்து கதைக்கவும் கூடாது. கதைக்காத மனிசி வாய்த்தது தன் வாள்களின் அதிர்ஷ்டம் என்று இவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். வருகிறவர்களும் சிரிப்பார்கள்.

நீங்கள் கொண்டுபோன அந்தக் குறுவாளைப் பற்றித்தான் எழுத வந்தேன். சுற்றிச் சுற்றி வருகிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தேன். பிறக்கப்போகும் பிள்ளைக்குக் காவலாக ஒரு குறுவாள் அடிப்பித்து வைப்பது யப்பானியர் வழக்கமாம். கேட்ட நாளிலிருந்து இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளை பிறக்க முன்னர் ஒரு துணிகூட வாங்கி வைக்கக் கூடாது என்று அம்மா எழுதியிருந்தா. இவரிடம் சொன்னேன். படித்த நீர் இப்படிச் சொல்லலாமோ என்று சிரித்தார். டொக்டர் படம் எடுத்துப் பார்த்து ஆண் பிள்ளை என்றதும் பெயரையும் முடிவு செய்தார். இவருடைய தகப்பனாரின் பெயர், தங்கத்துரை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடிக்கவில்லை. கனடாவில் பிறக்கிற பிள்ளைக்கு இந்தக் கிழட்டுப் பெயரா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

பெயரைத் தமிழிலேயே வெட்ட வேண்டுமென்று இவருக்கு ஆசை. வாளின் பிடியைக் கழற்றினால் உள்ளே மறைந்திருக்கும் அடிப்பகுதியில்தான் கொல்லன் தன் பெயரை வெட்டுவான், செய்வித்தவர் கேட்டால் இன்னொரு பெயரையும் வெட்டுவான். என் எழுத்து அழகு என்று என்னைக் கொண்டே பெரிதாக எழுதுவித்து அனுப்பினார். அந்தக் கொல்லர் மரியாதையான மனிதர். ஒவ்வொரு எழுத்தும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, உளியை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று கேட்டு எழுதியிருந்தார். நான் எழுத்துக்கு எழுத்து அம்புக்குறி போட்டு அனுப்பினேன். மேசையில் வயிறு முட்டியது. உள்ளே இருந்து அவன் உதைத்துக்கொண்டிருந்தான்.

எண்பத்தேழு தையில் பிறந்தான். அழவில்லை.

தாதி அவனை ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, பார்க்க விருப்பமா என்று என்னைத்தான் கேட்டா. நான் வாயெடுக்க முன்னர் இவர் வேண்டாம் என்றார். பெயர் ஏதும் வைத்தீர்களா என்று கேட்டா. அதற்கும் இவர், இல்லை என்றார். என்னுடைய நன்மைக்காகத்தான் அப்படிச் சொன்னாராம். ஆங்கிலத்தில் பட்டம் எடுத்தவளுக்கு அந்த நேரத்தில் "யெஸ்" என்ற ஒரு சொல் வரவில்லை. அடக்கத்தை ஆஸ்பத்திரியே பார்த்தது. எந்த மயானம் என்று இவருக்குத் தெரியும். கேட்டேன். அங்கே போய் என்ன செய்யப் போறீர் என்றார். ஊருக்கு, இந்தமுறை சரிவரவில்லை என்று எழுதினார். வெள்ளாமையைப் பற்றி எழுதுவதுபோல.

வாளை வேண்டாமென்று எழுதச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அந்த ஆண்டு ஐப்பசியில் பெட்டி வந்தது. குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் பிரித்தார். இவருக்கு நெஞ்சில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமையே கூட்டாளிகளைக் கூப்பிட்டு, பிடியைக் கழற்றிக் காட்டினார்.

இரத்தினவேல் அண்ணை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, ஆற்ற பேர் இது, அன்புராசா என்று இவரைக் கேட்டார். அப்பற்ற பேர் அண்ணை, அவற்ற நினைவா வெட்டினது என்றார் இவர். செத்த மனிசனுக்கு ஏன்ரா வாள், அங்கை ஆரோட சண்டைக்குப் போறார் என்று அவர் கேட்க, அறை முழுவதும் சிரித்தது. இவரும் சிரித்தார். நான் ரோல்ஸ் தட்டோடு நின்றேன். ஒவ்வொருவருக்கும் நீட்டினேன். எல்லாரும் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு இவர் அதைத் தொட்டதில்லை. நான்தான் துடைத்தேன். மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றி, வாசித்துவிட்டு மூடிவைப்பேன். எனக்கு அதுதான் கோயில், அதுதான் கல்லறை.

இந்தப் புரட்டாதியில் நீங்கள் குடும்பமாக வந்து இறங்கியபோதுதான், அண்ணையின் நீள வாளுக்கு அது மாற்றாகப் போகிறது என்று எனக்குத் தெரியும். முன்னரே சொன்னால் நான் அழுவேன் என்று இவர் சொல்லவில்லையாம். குசினியில் நீங்கள் என் தோளைத் தொட்டு, பிள்ளை குட்டி இல்லையோ என்று கேட்டீர்கள். எனக்கு முன்னர் இவர் ஹோலுக்குள் இருந்து, கடவுள் இன்னும் கண் திறக்கேல்லை அக்கா என்று சத்தமாகச் சொன்னார். எனக்காக மாதாவுக்கு நேர்த்தி வைப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் நல்ல மனதை நான் மறக்க மாட்டேன். ஆனால் பிள்ளை இல்லாதவள் என்று என்னை நினைத்து நேர்த்தி வைக்க வேண்டாம், அக்கா.

அந்த நீள வாள் இப்போது எங்கள் ஹோலில் இருக்கிறது. அழகானதுதான். அதற்கும் நான்தான் எண்ணெய் பூசுகிறேன்.

போன கிழமை அண்ணை ரெலிபோன் எடுத்தார். அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. இவர் சொன்னது கேட்டது. அது அப்பற்ற பேர்தான், உங்களுக்கு இடைஞ்சல் எண்டால் அரத்தால அராவி அழிச்சுப்போட்டு உங்கட பேரை வெட்டுவியுங்கோ, உங்கட பொருள்தானே அண்ணை என்றார். வைத்துவிட்டு, மொன்றியலில் நல்ல கைவேலைக்காரன் ஒருவன் இருக்கிறானாம், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் முடித்துக் கொடுப்பானாம் என்று எனக்கும் சொன்னார், காலநிலை சொல்வதுபோல.

அண்ணையில் ஒரு பிழையும் இல்லை. வேறொருவரின் தகப்பனுடைய பெயரை யார்தான் தன்னுடைய வாளில் வைத்திருப்பார்?

என்னோடு வேலை செய்யும் புஸ்பராணியும் உங்கள் சமயம்தான். அவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும். இவர் மற்ற எல்லா வாள்களின் எழுத்தையும் மெல்லிய தாள் வைத்து மை தேய்த்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார். இதற்கு மட்டும் எடுக்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை, கையில் இருக்கிற பொருளுக்கு ஏன் பிரதி என்று. அண்ணை வீட்டில் இல்லாத நேரம் ஒரு தாளை அந்த இடத்தில் வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் பெயர் தெளிவாக வரும். அதைப் புஸ்பராணியின் விலாசத்துக்கு அனுப்புவீர்களா? விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் மூன்று பிள்ளைகளும் நோய்நொடியின்றி வளர வேண்டும். மாதா துணை இருக்கட்டும். மெசின் எப்போதோ நின்றுவிட்டது. உடுப்பை எடுக்க வேண்டும்.

அக்கா, இதை மூடி ஒட்டப்போய்த் திரும்பவும் பிரித்தேன். பிரதி கேட்டது என்னுடைய கூச்சத்தால். தாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அவனுக்குப் பெயர் இருந்தது என்று ஆஸ்பத்திரிக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. வாள் உங்களிடமே இருக்கட்டும், திருப்பிக் கேட்க மாட்டேன். அண்ணையிடம் உண்மையைச் சொல்லுங்கள். இவருக்குத் தெரிய வந்தால் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பெயரை மட்டும் அராவ விடாதையுங்கோ.

இப்படிக்கு,
உங்களை நம்பியிருக்கும்,
கோணேஸ்வரி