கேமரா பார்க்காத ஆறு மணி நேரம்

மார்ச் 7, செவ்வாய்

போன வியாழக்கிழமை எங்கே போயிருந்தேன் என்பதை இன்றும் அம்மாவிடம் சொல்லவில்லை.

கார் அவள் பெயரில் இருப்பதால் கடிதமும் அவள் பெயருக்கே வந்தது. கடைத்தொகுதியின் வாகன நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம்தான் இலவசம். எங்கள் கார் ஆறரை மணி நேரம் நின்றதாம். நூறு பவுண்டு அபராதம். சாட்சிக்கு இரண்டு படங்கள்: 9.05 உள்ளே, 3.40 வெளியே.

"அங்க அவ்வளவு நேரம் என்னடி பண்ண?"

காபி குடித்தேன் என்றேன். ஆறரை மணி நேரமா!

உண்மையில் இரண்டு தடவை போனேன். காலையில் போகிற வழியில், அங்குள்ள கழிப்பறைக்கு. மாலையில் பால் வாங்க. நடுவில் மலைச்சாலை தாண்டி மான்செஸ்டரில், ரயில் ஓட்டுநர் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் நான் வெளியே போனதும் மாலையில் திரும்ப உள்ளே வந்ததும் கேமராவின் கண்ணில் படவில்லை.

சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வருடம் முன்பு நூலக வேலை கிடைக்காமல் போனபோது, அம்மா சொல்லித் தெருவே கேக் சுட்டுக்கொண்டு ஆறுதல் சொல்ல வந்ததே. இன்னொரு தடவை தாங்காது.

மார்ச் 9

அம்மா என்னைக் கேட்காமலே மேல்முறையீடு அனுப்பிவிட்டாள். முதல் வரியே, "தங்களுக்குச் சிரமம் தந்ததற்கு மிகவும் வருந்துகிறோம்." தன் காலை மிதித்தவனிடமே 'சாரி' சொல்கிறவள், வேறு எப்படி எழுதுவாள்?

மார்ச் 24, வெள்ளி

நிராகரித்துவிட்டார்கள். நீங்களே தவறை ஒப்புக்கொண்டுவிட்டீர்களாம்.

"மரியாதைக்குச் சொன்னதுடி அது. அதைப் போய் ஒத்துக்கிட்டதா எடுத்துப்பாங்களா?" அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. பிறகு வழக்கம்போல, பணத்தைக் கட்டித் தொலைப்போம், எதுக்கு வம்பு என்றாள்.

எனக்கோ தலைகால் புரியாத உற்சாகம்! அபராதம் போட்ட நிறுவனத்தைச் சேராத நடுவர் ஒருவர் இருக்கிறார். இருபத்தெட்டு நாள் அவகாசம், ஒரே வாய்ப்பு. விதிகளை நாவல் படிப்பதுபோல ஒரே மூச்சில் படித்து முடித்தேன். தேர்வு மையத்தின் வாசலில் கார் எண்ணையும் நேரத்தையும் ஒரு ஏட்டில் குறித்தார்களே! அதன் நகலைக் கேட்டு எழுதிவிட்டேன்.

மார்ச் 29

வந்துவிட்டது. கார் எண், உள்ளே 10.20, வெளியே 2.30, கையெழுத்து, முத்திரை எல்லாம் கச்சிதம். கூடவே தடித்த எழுத்தில் தலைப்பும்: ரயில் ஓட்டுநர் தேர்வு.

முறையீட்டில் கையெழுத்திட வேண்டியவள் அம்மா. படிக்காமல் அவள் எதிலும் கையெழுத்துப் போட மாட்டாள். அனுப்பாமல் விட்டால்? அவள் செய்யாத தவறுக்கு அவள் பணம் கட்டுவாள், மன்னிப்பும் கேட்டுக்கொண்டு. இல்லை. அது முடியாது.

மார்ச் 30

மேசையில் வைத்தேன். அம்மா இரண்டு தடவை படித்தாள்.

"ரயிலா? நீயா ஓட்டப் போற?"

"தேறினா."

"இதையாடி காபின்னு சொன்ன?"

"உங்கிட்ட சொன்னா தெரு பூரா தெரிஞ்சிடும்மா."

அவள் எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டாள். பிறகு, "டோரீன்கிட்ட மட்டும்?" என்று பக்கத்து வீட்டைக் காட்டினாள்.

"அம்மா."

"சரி சரி. பேனாவக் குடு."

கடைசி வரியில் 'வருந்துகிறோம்' என்று சேர்க்கப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

ஏப்ரல் 18

ஒன்றும் வரவில்லை. எந்தக் கடிதத்துக்காக அதிகம் காத்திருக்கிறேன்?

மே 5

வென்றோம்! அபராதம் ரத்து. அம்மா அடுப்பங்கரையில் என்னைப் பிடித்துச் சுற்றினாள். பதினைந்தே நிமிடத்தில் டோரீன் வீட்டு வாசலில் நின்றாள். ஜன்னல் வழியே கேட்டது: "அந்தக் கேமராவுக்குக் கண்ணு சரியில்லடி, நாங்க நிரூபிச்சிட்டோம்." எப்படி நிரூபித்தீர்கள் என்று டோரீன் துருவினாள். "அது எங்க வீட்டு ரகசியம்" என்றாள் அம்மா. அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை இன்றுதான் முதன்முறை கேட்கிறேன்.

மே 19

தேர்வு முடிவு வந்தது. நான் தேறவில்லை. இன்னும் ஒரு முறை எழுதலாம்.

அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

மே 28, ஞாயிறு

இந்த வாரம் எங்கள் வீட்டுக்கு யாரும் கேக் கொண்டு வரவில்லை.