ஒரு வரி கீழே

செவ்வாய்க்கிழமை

இன்னும் எத்தனை பேரை நான் இறந்தவர்களாகப் பதிந்திருக்கிறேன்? எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை, நான் பதிவு வேலை பார்க்கும் கண் கிளினிக்குக்கு இரத்தோட்டையிலிருந்து ஒரு முதியவர் வந்தார். கண்புரை சத்திரசிகிச்சைக்காக ஒரு வருடமாகக் காத்திருப்பவர். கணினியில் அவர் பெயருக்கு நேரே ‘மரணம்’ என்றிருந்தது. போன மாதம் அதைப் பதிந்தவள் நான்தான்.

“மௌத்தாப் போனவன் எப்படி மிஸ் பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வாறது?” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “என்ட மகளையே குரல வெச்சித்தான் தெரியுது. இந்தக் கண்ணு முழுசாப் போறதுக்குள்ள கூப்பிடுவீங்களா?” என்று, எனக்குச் சற்று இடப்பக்கமாகப் பார்த்துக் கேட்டார்.

பிழை எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். நாள் முழுதும் திரையைப் பார்ப்பதால், மத்தியானத்துக்குப் பின் எழுத்துகள் இரட்டையாகத் தெரிகின்றன. யாரிடமும் சொல்லாமல் திரையைப் பெரிதாக்கிக்கொள்கிறேன். அப்போது பெயர்கள் திரைக்கு வெளியே போய்விடும். வரியை மட்டும் நம்பிப் பதிவேன். அன்று, உண்மையில் இறந்தவரின் வரியிலிருந்து ஒரு வரி கீழே இறங்கிவிட்டேன்.

இப்போது கண்ணை மூடினாலும் அந்தக் கட்டங்கள் தெரிகின்றன. ஒவ்வொன்றிலும் யாரோ காத்திருப்பது போல.

புதன்கிழமை

டொக்டரிடம் என் கண்ணைப் பற்றிச் சொன்னேன். முதியவருக்கு வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை. பிறகு, ‘மரணம்’ என்று நான் பதிந்தவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக அழைத்தேன். ஆறு வீடுகளில் இறப்பு உண்மை என்றார்கள். ஏழாவது அழைப்பை எடுத்த பெண்ணிடம் பெயரைச் சொன்னேன்.

“நான்தாங்க பேசுறேன்,” என்றார்.