எழுதுகிறவர் பேசக்கூடாது

இன்று காலை ஒன்பதாம் வகுப்பு அலுமாரியைத் திறந்ததும் ஈரக் கடதாசி மணம் மூக்கில் ஏறியது. மாரி மழைக்குக் கூரை ஒழுகி மேல்தட்டு முழுவதும் நனைந்திருந்தது. காயவைக்கலாமென்று எடுத்த கட்டொன்றில் உங்கள் கையெழுத்து: “ஒரு தாள், ஒரு பென்சில், இரண்டு பேர். எழுதுகிறவர் பேசக்கூடாது. பேசுகிறவர் எழுதக்கூடாது.” அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். முதலாம் பாடத்துக்கு மணி அடித்தும் எழும்ப மனம் வரவில்லை, டீச்சர்.

நீங்கள் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள்; நான் லிங்கநகரிலிருந்து. ஒன்பது ஏ எனக்கு, ஒன்பது பீ உங்களுக்கு. இருவருக்கும் கணிதம். இடையில் ஒரு பலகைத் தட்டிதான். நீங்கள் பிள்ளைகளைச் சோடி சோடியாக இருத்திக் கணக்குச் செய்விக்கத் தொடங்கிய பிறகு, தட்டிக்கு இப்பால் என் குரல் எடுபடவில்லை. பாடசாலை அதிபரிடம் போய் முறையிட்டவள் நான்தான். உங்களுக்கு அது தெரிந்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

பிறகு நிவேதாவின் அம்மா வந்தா. வகுப்பில் முதலாம் பிள்ளையான நிவேதாவை, வாயே திறக்காத ஷிபானாவோடு நீங்கள் சோடி சேர்த்திருந்தீர்கள். “என்ர பிள்ளை அந்த நேரத்துக்குப் பத்துக் கணக்குச் செய்வாள். இங்க இன்னொரு பிள்ளைக்காக மினக்கெடுறாள்” என்று அதிபரின் அறையில் நின்று சத்தம் போட்டா. “போய் என்ன நடக்குதெண்டு பார்த்திட்டு வாங்கோ” என்று அதிபர் என்னை அனுப்பினார்.

உங்கள் வகுப்பு வாசலில் நின்றேன். கரும்பலகையில் கணக்கு: ஒரு குழாய் தொட்டியை மூன்று மணித்தியாலத்தில் நிரப்பும், மற்றது ஆறு மணித்தியாலத்தில். இரண்டையும் திறந்தால்? பென்சில் நிவேதாவிடம். ஷிபானா சொல்ல முன்னமே அவள் ‘நாலரை’ என்று எழுதியிருந்தாள்.

ஷிபானா தாளையே கனநேரம் பார்த்தாள். “ஒத்தக் குழாயே மூணு மணித்தியாலத்துல நிரப்புது. ரெண்டயும் தொறந்தா எப்படி அதவிடக் கூட நேரம் எடுக்கும்?”

நிவேதா நாலரையை வெட்டினாள். விதியை மறந்து, “அப்ப சொல்லு, எழுதுறன்” என்றாள். ஒரு மணித்தியாலத்தில் மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, சேர்த்தால் பாதித் தொட்டி என்று ஷிபானா சொல்லிக்கொண்டே போக, இரண்டு மணித்தியாலம் என்று தாளில் விழுந்தது. நீங்கள் மேசையில் சாய்ந்து பேசாமல் நின்றீர்கள்.

திரும்பிப் போய் இதை நான் சொல்லியிருக்கலாம். “சத்தமாத்தான் இருக்கு, சேர்” என்று மட்டும் சொன்னேன். அடுத்த நாள் உங்கள் வகுப்பு மேசைகள் பழையபடி வரிசையில் நின்றன. அன்றைக்கும் நீங்கள் வழமைபோல இடைவேளைக்கு எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தீர்கள்.

நீங்கள் நோயில் விழுந்து கொழும்பு ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபின் கிண்ணியாவுக்கு வந்தனான். தலையணையில் சாய்ந்திருந்தீர்கள். “அண்டைக்கு நான் அதிபரிட்ட...” என்று தொடங்கினேன்.

“அத விடுங்க டீச்சர். புள்ளைகள் பேசுறாங்களா?”

“ஓம்” என்றேன். பொய். அப்போது உங்கள் வகுப்பும் என் வகுப்பும் வாய்மூடிப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தன. அடுத்த மாதமே நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் இடத்துக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. தட்டியைக் கழற்றிவிட்டார்கள், இரண்டு வகுப்பும் எனக்குத்தான். மத்தியானத்துக்குள் தொண்டை அடைத்துவிடும், கால் வீங்கிவிடும். உண்மையைச் சொன்னால், பிள்ளைகளை நானும் சோடியாக இருத்தத் தொடங்கியது முதலில் ஏலாமையால்தான். அவ்வளவு பேரிடமும் நான் ஒருத்தி போய்ச்சேர முடியாது. பிறகுதான் வாய்மூடி நிற்பது எவ்வளவு கடினமென்று விளங்கியது. விடை நாக்கு நுனியில் நிற்க, ஒரு பிள்ளை தட்டுத்தடுமாறி வரும்வரை காத்திருப்பது பாடம் நடத்துவதைவிடக் களைப்பு.

போன கிழமை ஒரு தகப்பன் வந்து அதே முறைப்பாட்டை வைத்தார். இப்போதுள்ள அதிபரும் பக்கத்தில் இருந்தார். வாதாட எனக்குத் தெம்பில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஓம் ஐயா, சத்தமாத்தான் இருக்கும். உங்கட மகனுக்கு விடை வருது. ஏன் அந்த விடை எண்டு இன்னொருவருக்குச் சொல்ல ஏலாமக் கிடக்கு. அதைப் பழகட்டும். நான் நிப்பாட்ட மாட்டன்.”

அவர் கோபமாகவே போனார். அதிபர் என்னைப் பார்த்தார். நான் வகுப்புக்குத் திரும்பினேன். அன்றைக்கு உங்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. தனியே நின்றுதான் எனக்குச் சொல்ல வந்தது.