ஆட்டுக்கொட்டகைக்கு எந்தத் தகரம்

தர்ஷினி அப்பாவுக்கு,

கோவில்பட்டிக்குத் தங்கச்சியைப் பாக்கப் போறேன். கம்பங்கூழ் கரைச்சு வச்சிருக்கேன், வெங்காயம் பக்கத்துல இருக்கு. பீரோ சாவி அரிசிப் பானைக்குள்ள.

கூரை போடுதவர் இன்னைக்கு வருவாரு. அலுமினியம் கலந்து பூசின தகரந்தான் வேணும்னு நிக்காதீங்க. உப்பளத்துக் காத்தை அது நல்லாத் தாங்கும், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா ஆட்டு மூத்திர ஆவி பட்டா அரிச்சுப்போகும். கொட்டகைக்குப் போட்டா கேரண்டி கிடையாதுன்னு கடைக்காரரே போன்ல சொல்லிட்டாரு. வெறும் துத்தநாகம் பூசினதே போதும்.

இதைத்தான் அன்னைக்கும் சொன்னேன். "தகரத்தைப் பத்தி உனக்கு என்னட்டி தெரியும்"னு ஏசினீங்க. நானும் விடலை, "அப்ப ஆட்டோடயே கெடங்க"ன்னேன். கட்டிலைத் தூக்கிட்டுப் போனவர்தான், இன்னும் அங்கனதான் படுக்கீங்க.

முருங்கைக்கீரை குழம்புக்கு வச்சது. ஆட்டுக்குப் போட்டுராதீங்க.

மாரிசெல்வி

இன்னொண்ணு. அந்தத் தகரந்தான் ஆசைன்னா நம்ம வீட்டுக்கு மேல போடுவோம். இருபது வருசம் தாங்கும்னு சொன்னீங்களே. அத்தனை வருசமும் கொட்டகையிலயே படுக்கப் போறீங்களோன்னு நெனச்சு எனக்கு உறக்கமே வரலை.