பனி இல்லாத பிரதமை

அன்று பனி இல்லை, அப்பா. பச்சை கட்டிய பிசான நெல் வயல், வரப்பு, கால்வாய்க்கு அப்பால் நின்ற தென்னைகள், மலையின் மடிப்புகள், எல்லாமே துலக்கமாகத் தெரிந்தன. நீங்கள் என் பக்கத்தில் நின்று, "பனி நல்லா எறங்கிருக்குட்டி. நீ நெனச்ச மாதிரியே" என்றீர்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை.

நேற்று கணினியில் பழைய படங்களைப் பிரித்து அடுக்கும்போது அந்தக் காலை எடுத்த படம் வந்தது. மலை முகட்டுக்குச் சற்று மேலே நிலா, கீழே வயல். தென்னையின் ஒவ்வொரு மட்டையும் தனியாகத் தெரிகிறது. நல்ல படம்தான். யாருக்கும் காட்டியதில்லை.

நான் எடுக்க நினைத்தது வேறு படம். வயலெல்லாம் பனி மூடிக் கிடக்க, அதன் மேல் நிலா மலையில் இறங்க வேண்டும். விடியுமுன் என்னைத் தனியாக அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. துணைக்கென்று நீங்கள் வந்தீர்கள். நாட்காட்டியில் பௌர்ணமி என்று போட்டிருந்த நாளில், மார்கழிக் குளிரில் மப்ளர் சுற்றிக்கொண்டு, அம்பாசமுத்திரத்தைத் தாண்டிக் கால்வாய்க் கரையில் போய் நின்றோம். பனி இருந்தது. கரையே தெரியாத அளவுக்கு இருந்தது. ஆனால் வெளிச்சம் வருமுன்பே நிலா மலைக்குப் பின்னால் போய்விட்டது. இருட்டில் நிலாவை மட்டும் எடுப்பது எளிது, விடிந்த பின் நிலத்தை மட்டும் எடுப்பதும் எளிது. இரண்டின் வெளிச்சமும் சமமாக நிற்பது கொஞ்ச நேரம்தான்.

நாம் செய்த பிழை வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. பௌர்ணமி என்றால் அன்று மாலை கிழக்கே எழும் நிலா. அது மேற்கே அடைவது மறுநாள் காலை. நாம் ஒருநாள் முந்திப் போயிருக்கிறோம். சரி, மறுநாள் போகலாம் என்றால் மறுநாள் பிரதமை.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் நீங்கள். அஷ்டமியும் நவமியும் பிரதமையும் உங்களுக்குக் கூட்டம் இல்லாத நாட்கள். அந்த நாட்களில் யாரும் கையெழுத்துப் போட வரமாட்டார்கள், மின்விசிறி ஓடும் சத்தம்தான் கேட்கும் என்பீர்கள். வீட்டிலும் அப்படித்தான். பிரதமையில் புதுச் சட்டைகூட உடுத்த மாட்டீர்கள். ஆனால் மறுநாள் எனக்கு முன்பே எழுந்து மப்ளரோடு உட்கார்ந்திருந்தீர்கள்.

அம்மா அடுக்களையிலிருந்தே கேட்டாள். "பிரதமையும் அதுவுமா ரெண்டு பேரும் எங்க கெளம்புதிய?"

"தொடங்கத்தான கூடாது. நாங்க நேத்தே தொடங்கியாச்சு. இது பாக்கி வேலை."

ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டினீர்கள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். எனக்குப் பழக்கமாகட்டும் என்று காரணம் சொல்வீர்கள். நானும் நம்பினேன்.

கரைக்குப் போனபோது நிலா முகட்டுக்கு மேலேயே நின்றது. கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. பனிதான் இல்லை. ஏமாற்றத்தோடு காமிராவின் முக்காலியை விரித்துக்கொண்டிருந்தபோதுதான் பனி நன்றாக இறங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். என்னைத் தேற்ற வேடிக்கை பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு, "நிலாவச் சுத்தி வட்டம் போட்டுருக்கு பாத்தியா, கலர் கலரா" என்றீர்கள். நிலாவைப் பார்த்தேன். வட்டம் எதுவும் இல்லை. உங்களைப் பார்த்தேன். வேடிக்கை பேசும் முகம் இல்லை அது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதென்ற சந்தோஷம் மட்டும் அதில் இருந்தது.

"ஆமாப்பா" என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்தேன். பனி இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தச் சந்தோஷம் உடனே நின்றுவிடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. நிலா இறங்கி முடிகிற வரைக்குமாவது பேசாமல் இருக்கலாம் என்று தோன்றியது.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றோம். கடைக்காரர் டம்ளரை உங்கள் கையில் கொடுத்தபடி, "இன்னைக்கு ஒரு பொட்டுப் பனி இல்ல, பாத்தியளா அண்ணாச்சி? மல கையில தொடுத மாதிரி நிக்கி" என்றார். நீங்கள் மலைப்பக்கம் திரும்பினீர்கள். வெகுநேரம் அங்கேயே பார்த்தீர்கள். டீ ஆறிப்போனது.

"பனி இல்லையாட்டி?"

நான் தலையசைத்தேன். பிறகு, அது உங்களுக்குத் தெரியாமல் போகலாமே என்று நினைத்து, "இல்லப்பா" என்றேன்.

ஸ்கூட்டரில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்தபின் என் காதருகே பேசினீர்கள். விடியக்காலையிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் இப்படித்தான் இருக்கிறதாம், வெயில் ஏறினால் சரியாகிவிடுமாம், சில நாள் தலைவலியும் உண்டாம். பனிக்காலம்தானே என்று விட்டுவிட்டீர்களாம். எப்போதிருந்து என்றேன்.

"ஐப்பசியிலருந்தே."

ஐப்பசியில் நமக்கு அடைமழை, பனி ஏது என்று இருவருமே கேட்கவில்லை. திருநெல்வேலிக்கு இப்போதே போகலாம், கண் ஆஸ்பத்திரிக்கு என்றேன். பிரதமையில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றீர்கள்.

"தொடங்குனது ஐப்பசியிலல்லாப்பா" என்றேன்.

உங்கள் வயிறு குலுங்கிய அசைவு என் முதுகில் பட்டது. சிரித்திருக்கிறீர்கள். "ஆபீசரு கணக்கா மடக்குதா. சரி, பைய ஓட்டு."

மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறுகிறது, நீங்கள் பார்த்த பனியும் வட்டமும் அதனால்தான் என்று திருநெல்வேலியில் மருத்துவர் விளக்கினார். இடது கண்ணில் இழந்தது திரும்பாது, வலது கண்ணைக் காப்பாற்றலாம் என்றார். அன்று சாயங்காலமே வைத்தியத்தைத் தொடங்கினார்கள். கூடாதென்று நீங்கள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது ஒன்றைக் காட்டி, பார் என்றால், முதலில் சொல்கிறவரின் முகத்தைப் பார்க்கிறேன். சிலர் சங்கடப்படுகிறார்கள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

இடது கண்ணில் போனது போனதுதான். வலது கண் கடைசிவரை நின்றது. அதைக்கொண்டு நீங்கள் பேப்பர் படித்தீர்கள், தனியாகக் கடைக்குப் போனீர்கள், என் படங்களில் குறை சொன்னீர்கள். போன புரட்டாசியில் ஒரு காலை நீங்கள் எழுந்திருக்கவில்லை. கண் வங்கிக்குப் போன் செய்தபோது நோய் வந்த கண் ஆகுமா என்று கேட்டேன். கெட்டது பின்னால் இருக்கும் நரம்பு, எங்களுக்கு வேண்டியது முன்னால் இருக்கும் கருவிழிப் படலம், எடுத்துப் பார்க்கிறோம் என்றார்கள். அம்மா சரி என்றாள். இரண்டு கண்களையும் எடுத்துப் போனார்கள். ஒன்று பொருத்தப்பட்டுவிட்டதாகப் பிறகு போனில் தெரிவித்தார்கள். யாருக்கு என்று அவர்கள் சொல்வதில்லை.